பேர் வெட்டுகிற கை

ஜூன் 12, வியாழன்

விடியும்போதே சாரல். மேற்கே மலை இருந்த இடத்தில் வெறும் மூட்டம். காற்று வேறு. கடை வாசலில் அடுக்கியிருந்த பிளாஸ்டிக் குடங்கள் பஜார் பக்கம் உருள, என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓட்டம். ஒரு குடம் எதிர்த்த நகைக்கடைக்குள் போய்விட்டது. வாங்க வந்த குடம்போல.

சிரித்துக்கொண்டே காபி டம்ளரைத் தூக்கினேன். வலது முழங்கையில் சுரீர். பாதி காபி சேலையில். கடை நிறைய அண்டாவும் தவலையும் விற்கிறவளால் ஒரு டம்ளரைத் தூக்க முடியவில்லை.

வலிப்பவை: டம்ளர், துணி பிழிவது, கடைப் பூட்டு, குக்கர் மூடி, கைகுலுக்கல். (ஞாயிறு ஆராதனை முடிந்து பாஸ்டர் ஐயா அழுத்திக் குலுக்கினார். "ஐயோ" என்று கத்தவிருந்ததை "ஸ்தோத்திரம்" என்று மாற்றினேன். ரொம்ப சந்தோஷப்பட்டார்.)

வலிக்காதவை: பேச்சு. சாப்பாடு.

எழுதினாலும் லேசாகக் குத்துகிறது. அதனால் சுருக்கமாக.

ஜூன் 14, சனி

மகன் கோயம்புத்தூரிலிருந்து போன். வலியைச் சொன்னேன். எங்கே, எப்போது என்று கேட்டுவிட்டு, "அது டென்னிஸ் எல்போம்மா" என்றான். ஸ்பீக்கரில் போட்டிருந்தது என் தப்பு. இவருக்கு முகமெல்லாம் வெளிச்சம்.

"நான் சொன்னேன்ல? இந்த வயசுல மட்டையத் தூக்கிட்டுப் போகாதன்னு."

சொன்னார்தான். போன வருஷத்திலிருந்து சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். ஜவுளிக்கடை ஷகிலா என்னை ஷட்டில் விளையாடக் கூட்டிப்போன நாளிலிருந்து.

பைபாஸ் பக்கம் தகரக் கூரை போட்ட கோர்ட். காலையில் ஒரு மணி நேரம் பெண்களுக்கு. முதல் நாள் பந்து எங்கே வருகிறது என்று நான் பார்ப்பதற்குள் அது காலடியில் கிடந்தது. இப்போது நானும் ஷகிலாவும் ஜோடி. அவள் முன்னால், நான் பின்னால். அந்த ஒரு மணி நேரம் என்னிடம் யாரும் தள்ளுபடி கேட்பதில்லை, எவர்சில்வரா பித்தளையா என்று கேட்பதில்லை. நாற்பத்தெட்டு வயதில் வியர்க்க வியர்க்க ஓடுவது இவ்வளவு சந்தோஷம் என்று யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இருபதிலேயே போயிருப்பேன்.

வலி வந்ததும் நானே நிறுத்திவிட்டேன். மட்டையால் வந்த வலி, மட்டையை வைத்தால் போய்விடும். கணக்கு சரிதானே.

ஜூன் 17, செவ்வாய்

நேற்று சுளுக்கு வழிக்கும் அம்மாவிடம் இவர் கூட்டிப்போனார். சூடான எண்ணெய், கட்டைவிரல், பிறகு உலகமே தெரியவில்லை. "நரம்பு பெரண்டு கெடக்கு" என்றாக அந்த அம்மா. இன்று கை அவித்த கிழங்கு.

மெடிக்கலில் முழங்கைப் பட்டை வாங்கி வலிக்கிற எலும்பின் மேலேயே இறுக்கிக் கட்டிக்கொண்டேன். பார்க்க ஜோராக இருக்கிறது. வலி அப்படியே.

ஜூன் 21, சனி

டாக்டர். எக்ஸ்ரே வேண்டாம் என்றார். ஊசி போட்டால் உடனே போய்விடுமாமே என்று இவர் கேட்டார். போகும், ஆனால் சில மாதத்தில் திரும்பி வர வாய்ப்பு அதிகம், வந்தால் முன்னைவிட மோசமாகவும் இருக்கலாம், முதலில் பிசியோவிடம் போங்கள் என்றார். இவருக்கு ஏமாற்றம். உடனே முடிகிற காரியம்தான் இவருக்குப் பிடிக்கும். கல்யாணப் பேச்சைக்கூட ஒரே டீயில் முடித்தவர்.

ஜூன் 23, திங்கள்

பிசியோ பெண் பேர் அனு. குமுளிப் பக்கம். சின்னப் பெண், பெரிய சிரிப்பு. என்னைச் சேச்சி என்கிறாள். நடுவிரலை மட்டும் நீட்டச் சொல்லி, அதைக் கீழே அழுத்தினாள். முழங்கையில் மின்னல். "கண்டோ, இதுதான்" என்று லாட்டரி அடித்ததுபோல் சந்தோஷப்பட்டாள்.

அவள் சொன்னது, எனக்குப் புரிந்தவரை: மணிக்கட்டை மேலே தூக்கும் தசைகள் முழங்கையின் வெளிப்பக்க முண்டில் வந்து கட்டியிருக்கின்றன. எதையாவது இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு மடங்காமல் அவைதான் தாங்குகின்றன. ஒரே பிடியை ஓயாமல் பிடித்தால் அந்தக் கட்டு நைந்துபோகிறது, கிணற்றுக் கயிற்றில் புரி விடுகிற மாதிரி. வெறும் வீக்கம் என்றால் ஒத்தடத்தில் போய்விடும். இது நைவு. நைந்தது திரும்ப உரம் ஏற வேண்டுமென்றால் கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் காட்ட வேண்டும். சும்மா வைத்திருந்தால் இன்னும் சோடையாகிவிடும்.

பட்டையைக் கழற்றி எலும்புக்கு இரண்டு விரல் கீழே, சதையின் மேல் கட்டினாள். நான் கட்டியிருந்த இடத்தைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. நல்ல பெண்.

எதைத் தூக்கினாலும் உள்ளங்கை மேலே பார்க்கத் தூக்கணும். முழங்கை உடம்போடு ஒட்டியிருக்கணும். உள்ளங்கை கீழே பார்க்கத் தூக்குவது இப்போதைக்குக் கூடவே கூடாது.

கையால் என்ன வேலை செய்வீர்கள் என்று கேட்டாள். கடையில் சும்மா கல்லாவில் உட்கார்ந்திருப்பேன், வேலை என்று ஒன்றும் இல்லை, ஷட்டில்தான் விளையாடினேன் என்றேன். ஷட்டிலைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள் என்றாள். அதான் நிறுத்தியாச்சே.

ஜூலை 1, செவ்வாய்

பயிற்சி நடக்கிறது. மேஜைமேல் முன்கை, உள்ளங்கை கீழே பார்க்க, கையில் பாரம். இடது கையால் மேலே தூக்கிவிட்டு, வலது கை தனியாக மெதுவாக இறக்கணும். தூக்குவது பெரிதில்லை, இறக்குவதுதான் மருந்தாம்.

பாரத்துக்கு ஒரு பாட்டில். வழியில் அடிபட்டு இடுப்பு நெளிந்து வந்த அரை லிட்டர் எவர்சில்வர் பாட்டில், யாரும் வாங்கவில்லை. தண்ணீர் பிடித்தால் சரியான எடை. நானும் நெளிந்த கேஸ், அதுவும் நெளிந்த கேஸ்.

ஜூலை 7, திங்கள்

ஷட்டில் இல்லாமல் ஒரு மாதம். வலி குறைந்தபாடில்லை. அனு முகத்தைச் சுளித்து யோசித்தாள். ஏதோ இடிக்கிறது என்றாள்.

விடியும் முன்பே விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து என்ன செய்வது. இன்று பருப்பு டப்பாக்களை உயர வரிசையில் அடுக்கினேன். பிறகு எனக்கே என்னைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

மதியம் ஷகிலா வந்தாள். ஆகஸ்ட் பதினைந்து கோர்ட்டில் ஜோடிப் போட்டி. மாதக் கடைசிக்குள் பேர் கொடுக்கணும். ஸ்கூல் டீச்சர் ஒருத்தி தன்னோடு சேரச் சொல்லி இவளைக் கேட்கிறாளாம். போ என்று நான்தான் சொன்னேன். என் கைக்காக நீ ஏன் உட்கார்ந்திருக்கணும் என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிடக் கூடாது என்று கரண்டிகளை எண்ண ஆரம்பித்தேன்.

ஷகிலா உத்தமபாளையத்துக்காரி, லேசில் விடமாட்டாள். "அவுகளும் நல்லாத்தான் ஆடுறாக. ஆனா நான் அடிக்கிற தப்புக்குச் சிரிக்கிறதுக்கு நீங்கதான் வேணும். பாப்போம்க்கா, இன்ஷா அல்லாஹ்" என்றாள். போகும்போது என் கரண்டி எண்ணிக்கையையும் குழப்பிவிட்டாள்.

ஜூலை 9, புதன்

நல்ல வெயில். மலை முழுசாகத் தெரிகிறது.

வடுகபட்டியிலிருந்து பூண்டு வியாபாரி சம்சாரம் வந்தாக. ஆவணியில் மகள் கல்யாணம், சீர்ப் பாத்திரம். அண்டா, தவலை, குத்துவிளக்கு, சம்படம், தட்டு, டம்ளர். ஒரு குட்டி வேனுக்கு வரும். எல்லாவற்றிலும் பேர் வெட்டணும், ஆடி முடிவதற்குள். இவர், மெஷின்ல வெட்ட வேற ஆளும் இருக்கு என்று என் கையைக் காட்டிச் சொல்லிப் பார்த்தார். அந்த அம்மா கேட்கவில்லை.

"எங்க அக்கா மகளுக்கு இவுகதான வெட்டிக் குடுத்தாக. முத்து முத்தா இருக்கும். இவுக எழுத்துன்னாதான் அண்ணாச்சி இங்கன வந்தேன்."

குளிர்ந்துபோயிற்று எனக்கு. சரி என்றேன். தேனியிலும் போடியிலும் எத்தனை அடுக்களையில் என் எழுத்து! யார் வீட்டில் தண்ணீர் கேட்டாலும் நான் வெட்டிய டம்ளர் வருகிறது. இறந்தவர் பேர், பிறந்தவர் பேர், அன்பளித்தவர் பேர். வேடிக்கை, எங்கள் வீட்டுப் பாத்திரங்களில் அப்பா பேர், மாமியார் பேர், மொய் வைத்தவர்கள் பேர். என் பேர் மட்டும் எதிலும் இல்லை. பாத்திரக்கடைக்காரி தன் பேரைத் தானே வெட்டிக்கொள்வது என்னவோ மாதிரி.

சாயங்காலமே தட்டுகளை ஆரம்பித்துவிட்டேன். மெஷின் சத்தம் ர்ர்ர் என்று கேட்டால் எனக்கு மனசு அடங்கும்.

ஜூலை 11, வெள்ளி

பேனா பிடிக்க முடியவில்லை. இது இடது கை. குழந்தை எழுத்து. போதும்.

ஜூலை 12, சனி

இன்றைக்கும் இடது கைதான், ஆனால் எழுதாமல் இருக்க முடியாது.

அனு கடைக்கு வந்தாள், புட்டுக்குடம் வாங்க. வீட்டில் இருந்தது ஓட்டையாம். நான் கடைசி மூலையில் பல்லைக் கடித்துக்கொண்டு மெஷினோடு உட்கார்ந்திருந்தேன். புட்டுக்குடத்தில் பேர் வெட்டித் தரவா என்று கேட்டு, அவள் பதில் சொல்வதற்குள் 'அ' போட்டுவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் அவள் குடத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்க்கிறாள். நிறுத்தச் சொன்னாள். மெஷினை வாங்கித் தன் கையில் பிடித்து ஓட்டிப் பார்த்தாள். உடனே வைத்துவிட்டாள். எத்தனை வருஷமா என்று கேட்டாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து என்றேன்.

"சேச்சி, கையால என்ன வேலன்னு நான் கேட்டேன். சும்மா இருக்கேன்னு சொன்னீங்க."

இது வேலையா, எழுத்துதானே என்றேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். அண்டா தூக்குவது வேலை. கணக்குப் பார்ப்பது வேலை. பேர் வெட்டுவது, வாங்கினவர்களுக்குச் சும்மா செய்து கொடுப்பது. அதற்குக் காசு கிடையாது, அதனால் அது வேலைக் கணக்கில் என் வாயில் வரவே இல்லை.

அனு விளக்கினாள். அந்த மெஷின் பிடி சின்னது, அதனால் விரல்கள் கெட்டியாக இறுக்குகின்றன. கூடவே நாள் முழுக்க அதிர்வு. உள்ளங்கை கீழே, மணிக்கட்டு மேலே. நைவதற்கு இதைவிடத் தோதான பிடி இல்லை. கல்யாண சீசன் வரும்போது வலியும் வந்திருக்கிறது. ஷட்டில் காரணமா என்று கேட்டேன். அதுவும் கொஞ்சம் உரசியிருக்கும், ஆனால் பெரிய குற்றவாளி அது இல்லை என்றாள்.

"பேட் பாவம், சேச்சி. அதெ வெறுதே, சும்மா, ஜெயில்ல போட்டுட்டீங்க."

சிரித்தேன். சிரிக்கச் சிரிக்க அழுகையும் வந்தது. இவர் கல்லாவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ஒன்றும் கேட்காதவர் மாதிரி சில்லறை அடுக்கினார்.

ஜூலை 14, திங்கள்

மெஷினைத் தொடக் கூடாது. அனு உத்தரவு.

ஆனால் வடுகபட்டிப் பாத்திரம் முக்கால்வாசி அப்படியே கிடக்கிறது. வெளியில் கொடுத்தால் அந்த அம்மா எழுத்தைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார். திருப்பிக் கொடுக்கவும் மனசில்லை. நானே மெதுவாக வெட்டிவிடுகிறேனே என்று மெஷின் பக்கம் போனேன். இவர் பிளக்கைப் பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். ஒயரோடு. நடந்தால் மெஷினும் பின்னாலேயே வருகிறது.

கடைசியில் இவர்தான் வழி சொன்னார். "நீ பேனாவுல எழுதிக் குடு. நான் அது மேலயே ஓட்டுறேன்."

இவர் எழுத்து கோழிக் கிறுக்கல். சர்ச் காணிக்கைக் கவரில் எங்கள் பேரை எழுதினால் வேறு குடும்பத்துக்கு ரசீது போகும். ஆனால் வேறு வழி? அனுவிடம் போனில் கேட்டேன். தடித்த மார்க்கர் பேனா, லேசாகப் பிடித்து, விட்டு விட்டு எழுதலாம் என்றாள்.

ஜூலை 16, புதன்

முதல் சம்படம் முழுக்கோணல். என் கோடு ஒரு பக்கம், இவர் கோடு ஒரு பக்கம். அது எங்கள் அடுக்களைக்கு வந்துவிட்டது, சீனி போட்டுக்கொள்ள. இரண்டாவது பரவாயில்லை. மூக்குக்கண்ணாடி நுனி மூக்கில், நாக்கு வெளியே. பரீட்சை எழுதுகிற பிள்ளையே தோற்றுப்போகும். நான் பக்கத்தில் உட்கார்ந்து மார்க்கரில் எழுதி எழுதித் தள்ளுகிறேன். வருவோர் போவோருக்கு நல்ல வேடிக்கை.

மத்தியானத்துக்கு முன்பே மெஷினை நிறுத்திவிட்டுக் கையை உதறினார். தோளைத் தேய்த்தார். பிறகு,

"இத எப்பிடி இத்தன வருசமாப் புடிச்ச?"

நான் டீ வாங்கிவரச் சொன்னேன். அவரே போய் வாங்கி வந்தார், எனக்குப் பிடித்த இஞ்சி டீ.

ஜூலை 22, செவ்வாய்

வலது கை எழுத்து திரும்பிவிட்டது! காலையில் ஈரத் துண்டைப் பிழிந்தேன். லேசான குத்தல், அவ்வளவுதான். ஒருமுறை பிழிந்தது போதாமல் உலர்ந்த துண்டையும் நனைத்துப் பிழிந்தேன்.

பயிற்சி பாட்டில் இப்போது சுலபமாக இறங்குகிறது. அனு, முழுக்கச் சரியாக இன்னும் மாதங்கள் ஆகும், நல்லாகிவிட்டது என்று விடக் கூடாது என்று மிரட்டினாள்.

இவர் வெட்டுவது நேராகிக்கொண்டு வருகிறது. பெருமையும் கூடிக்கொண்டு வருகிறது. "சுழி வர்ற எடத்துல அழுத்தக் கூடாது, தெரியுமா" என்று எனக்கே பாடம். எனக்கே!

ஜூலை 26, சனி

கோர்ட்!

அனு பாதி மனசோடு விட்டாள். கைப்பிடியில் இன்னொரு சுற்று நாடா, தடிமனாக. மணிக்கட்டை வெட்டி அடிக்காமல் தோளிலிருந்து அடிக்கணும். பட்டை கட்டணும். கொஞ்ச நேரம்தான்.

ஷகிலா பந்தை என் பக்கம் பூப்போலப் போட்டாள். முதல் அடி வலைக்குள். இரண்டாவது அடி கூரையில். மூன்றாவது போனது பாருங்கள், கோட்டின் மேல் போய் உட்கார்ந்தது. பெண்களெல்லாம் கைதட்டினார்கள். தகரக் கூரையில் சாரல் சத்தமா கைதட்டலா என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கறிவேப்பிலைக்குப் பதில் கொத்தமல்லியைத் தாளித்துவிட்டேன்.

இவரிடம் சொன்னேன். ம் என்றார். கூட ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

ஜூலை 30, புதன்

ஷகிலா எங்கள் இருவர் பேரையும் கொடுத்துவிட்டாள். டீச்சர் வேறு ஜோடி பிடித்துக்கொண்டாராம். இவரிடம் பதினைந்தாம் தேதி போட்டி என்றேன். அன்றைக்குக் கடை உண்டே என்று மட்டும் சொன்னார். வேண்டாம் என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தை இல்லாமலும் போவேன். இருந்தால் நன்றாக இருக்கும்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வடுகபட்டி வேன் வந்தது. அந்த அம்மா ஒவ்வொரு பாத்திரமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாக. இவர் குத்துவிளக்கைத் துடைக்கிற சாக்கில் ஓரமாக நிற்கிறார், காது மட்டும் இங்கே.

"அதே எழுத்து. அதே முத்து" என்றாக.

எழுத்து நான், வெட்டினது இவுக என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா இவரை மேலும் கீழும் பார்த்து, பொண்டாட்டி எழுதுன கோட்டத் தாண்டாத மனுசன் என்று சொல்லிச் சிரித்தாக. வேன் டிரைவரும் சிரித்தார். இவர் வெட்கப்பட்டு நான் பார்த்தே பல வருஷம்.

ஆகஸ்ட் 13, புதன்

மத்தியானம் கடைசி மூலையில் மெஷின் சத்தம். வெட்ட வேண்டியது ஒன்றுமே இல்லையே என்று எட்டிப் பார்த்தேன். சட்டென்று நிறுத்திவிட்டு, துரு ஏறாம இருக்க ஓட்டிப் பாக்கேன் என்றார். மெஷின் துரு ஏறுமா?

பயிற்சி செய்யப் பாட்டிலைத் தேடினேன். காணோம். குழம்பு டப்பாவில் தண்ணீர் பிடித்துச் செய்தேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மிட்டாய், கொடி, ஸ்கூல் பிள்ளைகள் ஊர்வலம். வெயில் இதமாக.

புறப்படும்போது பை தயாராக வாசலில் இருந்தது. நான் எடுத்து வைக்கவில்லை. இவர் கடையைத் திறக்கப் போயிருந்தார்.

முதல் ஆட்டம் ஜெயித்தோம். ஷகிலா என்னைத் தூக்கிவிட்டாள், நிஜமாகவே தரையிலிருந்து. இரண்டாவது ஆட்டம் போடியிலிருந்து வந்த அக்கா தங்கையிடம். கடைசிப் புள்ளி வரை இழுத்தோம். தோற்றோம். ஷகிலா அடித்த ஒரு கேவலமான அடிக்கு நான் சிரித்த சிரிப்பில் நடுவரும் சிரித்துவிட்டார்.

மூச்சு வாங்க பெஞ்சில் உட்கார்ந்து, பைக்குள் தண்ணீருக்குக் கையை விட்டு எடுத்தேன். அந்த நெளிந்த பாட்டில். கழுத்துக்குக் கீழே புதிதாக எழுத்து. மார்க்கர் கோடு கிடையாது. யார் எழுத்தையும் பார்த்து ஓட்டவில்லை, சொந்தக் கோழிக் கிறுக்கல். ஆரம்பம் மேலே, முடிவு கீழே, நடுவில் அந்த நெளிவில் விழுந்து எழுந்து வருகிறது.

சுகந்தி.

என்னக்கா, கை வலிக்குதா என்று ஷகிலா பதறினாள். நான் அழுதுகொண்டிருந்தேன் போல. அப்போதுதான் பார்த்தேன். பாட்டில் நிறையத் தண்ணீர், உள்ளங்கை கீழே பார்க்க, அனு கூடவே கூடாது என்ற பிடியில் தூக்கி வைத்திருக்கிறேன். வலிக்கவில்லை.